விடாத தும்மலுக்குக் களத்துமேட்டில் வைத்தியம்

தும்மல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது கிராமங்களில் வழக்கம். ஒன்றிரண்டு தும்மலுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தை, மாசி மாதங்களில் களத்துமேட்டில் நிற்பவருக்குத் தொடர்ந்து பதினைந்து, இருபது தும்மல் வந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்து, அன்றைய வேலையே கெட்டுப் போகிறது என்றால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தைச் சேர்ந்த அவலூர்பேட்டைப் பகுதியில் நெல்லும், மல்லாட்டை என்று வழங்கப்படும் மணிலாவும் முக்கியப் பயிர்களாகும். நெல் அறுவடை, கதிரடிப்பு, தூற்றுதல், வைக்கோற்போர் போடுதல், மணிலா பறித்தல், காய் ஆய்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகள் எல்லாமே தூசி நிறைந்தவை. இந்த மாதங்களில் விடாமல் தும்முகிறவர்கள் சளி பிடித்திருக்கிறது என்று எண்ணி, கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள். மாத்திரை ஒரு நாள் தாங்குகிறது. மறுநாள் அதே தூசி, அதே தும்மல்.

தும்மலை நிறுத்த வேண்டுமானால் முதலில் தூசியை நிறுத்த வேண்டும். மருந்து அதற்கு அடுத்தபடிதான். தூசியைக் குறைக்கச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை நெல்லுக்கும் வைக்கோலுக்கும் நல்ல விலை கிடைக்கவும் உதவுகின்றன என்பது விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

தும்மல் ஏன் வருகிறது?

மூக்கினுள் நுழையும் வேண்டாத பொருளை வெளியே தள்ளுவதற்காக உடல் செய்யும் வேலையே தும்மல். மிளகாய் நெடியோ புகையோ பட்டவுடன் வரும் தும்மல் எல்லோருக்கும் வரும். நெடி விலகியதும் நின்றுவிடும். விடாத தும்மல் வேறு வகையைச் சேர்ந்தது. சிலருடைய உடல், மகரந்தம், பூசண வித்து, தூசி உண்ணி போன்றவற்றைப் பகையாக எண்ணி அவற்றுக்கு எதிராகத் தயாராகிவிடுகிறது. அதே பொருள் மீண்டும் மூக்கில் பட்டதும் 'ஹிஸ்டமின்' என்ற இரசாயனப் பொருள் சுரக்கிறது. உடனே அரிப்பு, தும்மல், நீர் வடிதல், மூக்கடைப்பு ஆகியவை உண்டாகின்றன. இதையே ஒவ்வாமை என்கிறோம். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையாகவும் தொல்லை வரும். பகலில் களத்தில் நின்றவர் இரவில் மூக்கடைத்துத் தூக்கமின்றித் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மான்செஸ்டர் நகரில் இருந்த சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கில மருத்துவருக்கே இந்தத் தொல்லை இருந்தது. அவர் பல பூக்களின் மகரந்தத்தைச் சேகரித்துத் தம் மூக்கிலேயே வைத்துச் சோதனை செய்தார். புல்வகைகளின் மகரந்தமே தமது தும்மலுக்குக் காரணம் என்று கண்டு, 1873-ல் நூலாக வெளியிட்டார். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே பரிகாரம் என்ற அவருடைய வழி இன்றும் பொருந்தும்.

சளியா, ஒவ்வாமையா?

சளி பிடித்தால் உடல்வலி, தொண்டைவலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குணமாகிவிடும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்குநீர் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். மூக்கு, கண், மேலண்ணம் ஆகியவை அரிக்கும். குறிப்பிட்ட இடத்துக்கோ வேலைக்கோ போனால் வரும், விலகினால் குறையும். ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்ப வரும்.

பதினான்கு நாள் குறிப்பு

காரணத்தை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் பதினான்கு நாட்களுக்கு மூன்று செய்திகளை மட்டும் எழுதி வர வேண்டும். தும்மல் எப்போது வந்தது? அப்போது எங்கே இருந்தார்? என்ன வேலை செய்து கொண்டிருந்தார்? எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

உதாரணமாக, இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவருக்குக் கதிரடிக்கும் நாட்களில் மட்டும் தும்மல் வருகிறது. மனைவிக்கு விடியற்காலையில் வைக்கோல் பிடுங்கி மாட்டுக்குப் போடும்போது வருகிறது. மகனுக்குப் படுக்கையை விட்டு எழும்போது வருகிறது. மூவரும் ஒரே மாத்திரையைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஆனால் மூவருக்கும் காரணம் வேறு. கணவருக்குக் களத்துத் தூசி. மனைவிக்குப் பூசணம் பிடித்த வைக்கோல். மகனுக்குத் தலையணையிலும் பாயிலும் உள்ள தூசி உண்ணி. குறிப்பு எழுதினால் இது பதினான்கே நாளில் தெரிந்துவிடும்.

தூசியில் உள்ளவை

களத்துத் தூசி வெறும் மண் அல்ல. நெல் உமியின் சுணை, பதர், வைக்கோல் துணுக்குகள், பூசண வித்துகள், பூச்சிகளின் உடல் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் ஆகியவை அதில் கலந்துள்ளன. மணிலாவில் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் கண்ட செடிகளின் காய்ந்த இலைகளில் பூசண வித்துகள் ஏராளமாக இருக்கும். துரு நோய் தாக்கிய செடியை உதறினால் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த பொடி பறப்பதைக் காணலாம். காய் ஆயும் பெண்கள் இந்தச் செடிகளை முகத்துக்கு அருகில் வைத்தே வேலை செய்கிறார்கள்.

ஈரமே மூலகாரணம்

பூசணம் வளர ஈரம் வேண்டும். எனவே நன்றாகக் காய வைப்பதே முதல் வைத்தியம். அறுவடையின்போது நெல்லில் சுமார் 20 முதல் 22 சதவீதம் ஈரம் இருக்கும். சேமித்து வைக்க இதை 14 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். நெல்லைத் தார்ப்பாயின் மீது இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் சட்டென்று உடைவது நன்கு காய்ந்த நெல்லின் அடையாளம்.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈர வரம்பு 17 சதவீதம். அதற்கு மேற்பட்ட ஈரத்தோடு நெல்லைக் கொண்டு போனால் காத்துக் கிடக்க நேரும். ஆகவே காய வைக்கும் உழைப்பு மூக்குக்கும் பயன்படுகிறது, விற்பனைக்கும் பயன்படுகிறது.

மணிலாக் காயை 8 சதவீத ஈரத்துக்குக் காய வைக்க வேண்டும். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். ஈரக்காயில் வளரும் பூசணம் 'அஃப்ளோடாக்சின்' என்ற நச்சையும் உண்டாக்கும். மணிலாக் கொடியையும் இருபுறமும் புரட்டி, இலை மொறமொறப்பாகும் வரை உலர்த்திய பின்பே அடுக்க வேண்டும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

1. கதிரடிக்கும் இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன் ஒரு பிடி பதரை மேலே தூவிக் காற்றுப் போக்கைப் பார்க்க வேண்டும். தூசி வெளிவரும் வாய், காற்று போகும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வீடு, மாட்டுக் கொட்டகை, தண்ணீர்ப் பானை ஆகியவை அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. தூற்றுபவர் காற்றுக்கு எதிர்முகமாகத் தூசியை வாங்கிக் கொண்டு நிற்கக் கூடாது. காற்று முதுகிலோ பக்கவாட்டிலோ படும்படி நிற்க வேண்டும்.

3. களத்தைச் சுற்றியுள்ள மண் தரையில் தண்ணீர் தெளிக்கலாம். நெல் கட்டின் மீதோ குவியலின் மீதோ தெளிக்கக் கூடாது.

4. தும்மல் தொல்லை உள்ளவரைப் பதர் கூட்டும் வேலையிலும் தூற்றும் வேலையிலும் விடாமல், மூட்டை தைத்தல், எடை பார்த்தல் போன்ற வேலைகளில் வைக்கலாம். ஆள் பற்றாத இடத்தில் அரை மணிக்கு ஒரு முறையாவது இடம் மாற்றிக் கொள்ளலாம்.

5. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் கதிரடிக்கும் இடத்தை விட்டு விலகி இருக்க வேண்டும்.

வைக்கோற்போர்

அரைகுறையாகக் காய்ந்த வைக்கோலை அடுக்கினால் போர் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்களும் பூசணங்களும் பெருகும். போரைப் பிரிக்கும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகைபோலக் கிளம்புவது இவற்றின் வித்துகளே.

போரைத் தரையில் நேராகப் போடாமல், கல்லும் கட்டையும் வைத்து ஓர் அடி உயர மேடையில் போட வேண்டும். உச்சியைச் சரிவாக அமைத்து, மழைக் காலத்தில் தார்ப்பாயால் மூட வேண்டும். வீட்டு வாசலை ஒட்டிப் போர் போடும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. மாட்டுக்குத் தேவையான வைக்கோலைத் திறந்த வெளியில் பிரித்து, அன்றைய அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் போட்டால் தூசி அடங்கும். தெளித்ததை மறுநாளுக்கு வைத்தால் அதிலும் பூசணம் பிடிக்கும். கறுத்துப் பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் சேர்க்க வேண்டும்.

துண்டு போதுமா?

தலைத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டினால் பெரிய துணுக்குகள் நிற்கும். நுண்ணிய வித்துகள் நிற்பதில்லை. 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்-95 முகக்கவசமே களத்துக்கு ஏற்றது. இரண்டு வார்களையும் தலைக்குப் பின்னால் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரங்களில் காற்றுப் புகாதபடி அணிய வேண்டும். இதைத் துவைக்கக் கூடாது. அழுக்கடைந்தாலோ மூச்சு விடச் சிரமமானாலோ மாற்ற வேண்டும். என்-95 கிடைக்காதபோது பல மடிப்புப் பருத்தித் துணி, ஒன்றும் இல்லாததைவிட மேல்.

வேலை முடிந்ததும் உடுப்பை வீட்டுக்கு வெளியே கழற்றி உதறி, தலைக்குக் குளித்த பின்பே உள்ளே படுக்க வேண்டும். தலைமுடியில் ஒட்டிய தூசி தலையணைக்குப் போனால் இரவெல்லாம் தும்மல் நீடிக்கும். காலையில் எழுந்ததும் தும்முகிறவர்கள் தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒரு முறை கொதிநீரில் நனைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, பீடி, மூக்குப்பொடி ஆகியவை தும்மலை அதிகப்படுத்தும்.

பார்த்தீனியம்

களத்து வேலை இல்லாத நாட்களிலும் தும்மல் வந்தால் சுற்றுப்புறச் செடிகளைப் பார்க்க வேண்டும். சாலையோரம், ஏரிக்கரை, தரிசு நிலங்களில் வெள்ளைப் பூக்களுடன் மண்டும் பார்த்தீனியம் இவற்றில் முக்கியமானது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, 1950-களின் நடுவில் பூனா நகரில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் மகரந்தம் மூக்கில் ஒவ்வாமையை உண்டாக்குவதைப் பெங்களூரில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. செடி பட்டால் தோலில் அரிப்பும் கொப்புளமும் வருவதுண்டு. சீமைக் கருவேல மகரந்தமும் சிலருக்குத் தும்மலை உண்டாக்கும்.

ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். எனவே மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கைக்கு உறையும் மூக்குக்குக் கவசமும் அவசியம். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பயிர் செய்யாத சாலையோரங்களில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் நேரத்தில் செடி முழுதும் நனையத் தெளிக்கலாம். வயலிலும் வரப்பிலும் இதைத் தெளித்தால் மண் கெடும். 1983-ல் மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு வகை வண்டு பார்த்தீனிய இலைகளைத் தின்று அழிக்கிறது. மழைக் காலத்தில் இந்த வண்டுகள் செடியில் காணப்பட்டால் அவற்றைக் கொல்லாமல் விட வேண்டும். ஒருவர் மட்டும் பிடுங்கிப் பயனில்லை. தெருவாரும் ஊராரும் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் தெரியும்.

மூக்கைக் கழுவும் முறை

களத்திலிருந்து வந்ததும் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால், ஒட்டியுள்ள தூசி வெளியேறித் தும்மல் குறையும். தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற வைக்க வேண்டும். கால் லிட்டர் நீருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு போதும். தலையை முன்னால் குனிந்து பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, சுத்தமான சிறு பிளாஸ்டிக் குப்பியால் மேல் நாசியில் மெதுவாக நீரை விட்டால் மறு நாசி வழியே வெளியேறும்.

கொதிக்க வைக்காத கிணற்று நீர், ஏரி நீர், தொட்டி நீர் ஆகியவற்றை மூக்கினுள் விடவே கூடாது. அத்தகைய நீரில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா, மூக்கு வழியே மூளைக்குச் சென்று உயிரைப் பறிக்கும். கேரளத்தில் 2024, 2025-ம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்ததை மறந்துவிடக் கூடாது.

மருந்துகளில் எச்சரிக்கை

தூசியைக் குறைத்த பிறகும் தும்மல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து பெற வேண்டும். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். இவற்றில் பழைய வகைகள் தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். புதிய வகைகளிலும் சிலருக்குக் கலக்கம் வரும். மாத்திரை போட்டுக் கொண்டு டிராக்டர் ஓட்டுவதோ, கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டுக் கொடுப்பதோ கூடாது. தும்மலை நிறுத்தப் போய்க் கையை இழக்க நேரக் கூடாது.

ஆண்டுதோறும் தொல்லைப்படுபவர்களுக்கு மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுதித் தரலாம். இது அடித்த உடனே பலன் தராது. தினமும் தவறாமல் அடித்தால் சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களில் முழுப் பலன் தெரியும். எனவே அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கலந்து தொடங்குவது நல்லது. வலது நாசிக்கு இடது கையாலும், இடது நாசிக்கு வலது கையாலும் அடித்தால் மருந்து மூக்கின் நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் போட்டால் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக் கொள்ளும். பெயர் தெரியாமல் பொட்டலத்தில் கலந்து தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால், தொடர்ந்து விழுங்குவதால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். மிளகு ரசமும் ஆவியும் மூக்கடைப்புக்குச் சிறிது சுகம் தரும். ஒவ்வாமையை அவை நிறுத்துவதில்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கவனிக்காமல் விட்ட மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து வருகிறது. நெஞ்சில் விசில் போன்ற சத்தம், இரவு இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை தோன்றினால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால் 108 வண்டியை அழைக்க வேண்டும். ஒரு நாசியில் மட்டும் அடைப்பு, இரத்தம் அல்லது நாற்றமுள்ள நீர் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

தும்மல் இல்லாமலே வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகியவை வந்து, ஓரிரு நாளில் தணிந்து, மீண்டும் வைக்கோலைத் தொட்டதும் திரும்ப வந்தால் அது 'விவசாயி நுரையீரல் நோய்' ஆக இருக்கலாம். 1932-ல் இங்கிலாந்தில் ஈரப் புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளர்களிடம் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். மருத்துவரிடம் போகும்போது "வைக்கோல் வேலை செய்தேன்" என்று மறவாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகவே எண்ணப்படும்.

சிறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அறுவடை மாதங்களே வருமானம் தரும் மாதங்கள். அந்த மாதங்களில் மூச்சுக் கோளாறால் படுத்துவிட்டால் ஆண்டுக் கணக்கே தவறிவிடும். வரும் பருவத்தில் முதல் கட்டு களத்துக்கு வரும் முன், வைக்கோற்போருக்கு மேடை, ஒரு தார்ப்பாய், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் முகக்கவசம் ஆகிய மூன்றையும் தயார் செய்து கொள்ள வேண்டும். தானியம் உலர்த்துதல், பார்த்தீனிய ஒழிப்பு ஆகியவை பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திண்டிவனத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ விவசாயிகள் அணுகலாம்.